பவுடர் குடித்தால் பாடி ஏறுமா?

வீட்டில் பனீர் செய்யப் பாலைத் திரியவைத்தால், திரண்ட வெள்ளைக் கட்டியைத் துணியில் வடிகட்டி எடுத்துக்கொள்கிறோம். கீழே நிற்கும் பச்சையும் மஞ்சளும் கலந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறோம். ஐரோப்பிய, அமெரிக்க சீஸ் ஆலைகளும் வெகுகாலம் இதைத்தான் செய்தன. மிஞ்சிய தண்ணீரை ஆற்றில் விட்டார்கள், வயலில் பாய்ச்சினார்கள், பன்றிக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீருக்குப் பெயர் வே. அதிலிருக்கும் புரதத்தை மட்டும் வடித்து, உலர்த்தி, சாக்லேட் வாசனை சேர்த்து டப்பாவில் அடைத்தால் கிலோ மூவாயிரம் ரூபாய் வாக்கில் விலை போகிறது.

உடனே பனீர் தண்ணீரைக் குடிக்கக் கிளம்பிவிட வேண்டாம். கொதிக்கும் பாலில் எலுமிச்சம்பழம் பிழியும்போது வே புரதத்தில் பெரும்பகுதி பனீரோடேயே ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரில் மிஞ்சுவது சொற்பம். சீஸ் ஆலையில் பாலைக் கொதிக்கவிடாமல் ரென்னெட் என்ற நொதியை ஊற்றி உறையவைக்கிறார்கள். அதனால் அங்கே லிட்டருக்கு ஆறு ஏழு கிராம் புரதம் தண்ணீரில் நிற்கும். ஒரு கிலோ பவுடருக்கு நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர் பிடிக்கும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. பவுடர் என்றாலே அது ஏதோ மருந்து, ஊசி, ஸ்டீராய்டு என்று பயப்படும் அம்மாக்கள் ஒரு பக்கம். அதைக் குடித்தால்தான் நெஞ்சு விரியும் என்று நம்பும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரண்டு பேருமே பாலின் ஒரு துண்டைப் பார்த்துத்தான் இப்படி நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் தெரு ஜிம்மில் கண்ணாடிக்குப் பக்கத்து அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக நிற்கும். வே, மாஸ் கெய்னர், கிரியேட்டின், பிசிஏஏ, ப்ரீ ஒர்க்அவுட், டெஸ்ட் பூஸ்டர். போன மாதம் புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பையன் ஒருவன், அறுபது கிலோ இருப்பான், அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “அண்ணா, இதுல எது வாங்கினா சீக்கிரம் சைஸ் வரும்?”

“காலையில என்னப்பா சாப்பிட்ட?” என்று கேட்டேன்.

“நாலு இட்லிண்ணா.”

“நேத்து நைட்டு?”

“தோசை.”

அவனுக்குச் சொன்ன கணக்கைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தசை எப்படி ஏறுகிறது

நம் உடம்பில் தசைப் புரதம் எந்நேரமும் கரைந்துகொண்டும் இருக்கிறது, புதிதாகச் சேர்ந்துகொண்டும் இருக்கிறது. சும்மா இருப்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். எடை தூக்கும்போது தசை நாரில் இழுவிசை விழுகிறது. அந்த இழுவிசையே “இங்கே பலம் போதவில்லை, இன்னும் கட்டு” என்ற உத்தரவு. ஒரு நல்ல பயிற்சிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் வரை கட்டும் வேகம் கூடியே இருக்கும். அந்த நேரத்தில் சாப்பாட்டிலிருந்து அமினோ அமிலங்கள், அதாவது புரதம் செரித்து உடையும் துணுக்குகள், வந்துகொண்டிருந்தால் கரைவதைவிடச் சேர்வது கூடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இது நடந்தால்தான் சட்டைக் கை இறுகும்.

வீடு கட்டும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிதான் வீட்டுக்காரர் கொடுக்கும் வேலை. புரதம் செங்கல். வேலையே கொடுக்காமல் வாசலில் லோடு லோடாகச் செங்கல் இறக்கினால் வழிதான் அடைபடும். உடம்பு மிச்சப் புரதத்தைத் தசையாகச் சேமித்து வைக்காது. எரித்துவிடும், அல்லது சாப்பாடு மொத்தத்தில் மிஞ்சினால் கொழுப்பாக்கும். அதில் வரும் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போகும்.

சரி, எத்தனை செங்கல் வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2020 பரிந்துரைப்படி சாதாரண ஆளுக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். இது உடம்பு நலமாக இருக்கப் போதுமான அளவு. எடை தூக்கித் தசை ஏற்ற நினைப்பவருக்கு இது பற்றாது. எவ்வளவு என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விடை 2018-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வந்த ஒரு தொகுப்பாய்வு. 49 ஆய்வுகள், 1,863 பேர். பயிற்சியோடு கூடுதல் புரதம் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் கூடக் கூடப் பலன் தெரிந்தது. அதற்கு மேல் போனவர்களுக்குச் சராசரியில் மேலதிகமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. ஜிம் சுவரில் எழுதி ஒட்ட வேண்டியது அதுதான். கூடுதல் புரதத்தால் கிடைத்த கூடுதல் சதை, சராசரியாக 300 கிராம். ஒரு நாளில் இல்லை, ஒரு வாரத்திலும் இல்லை. பல வாரம், பல மாதம் நடந்த ஆய்வுகளின் முடிவில் 300 கிராம். அவர்களுக்கு ஏறிய சதையில் பெரும்பங்கை எடை தூக்கியதே கொடுத்துவிட்டது. பவுடரோ, முட்டையோ, பாலோ, கூடுதலாக எடுத்த புரதம் அதன் மேல் ஒரு பிடி போட்டது.

அந்த ஒரு பிடி பொய் கிடையாது. புரதம் குறைவாகச் சாப்பிடுகிறவருக்கு அது இன்னும் பெரிதாகவே இருக்கலாம். ஆனால் டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் ஆளின் புஜத்துக்கும் இந்த 300 கிராமுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது.

நாலு இட்லி கணக்கு

அந்தப் பையனுடைய ஒரு நாளை எழுதிப் பார்த்தோம். காலை நாலு இட்லி, சாம்பார்: பத்துப் பன்னிரண்டு கிராம். இரண்டு வேளை டீ: நாலைந்து. மதியம் சாதம், சாம்பார், ரசம், பொரியல், தயிர்: பதினைந்து சொச்சம். மாலையில் இரண்டு பஜ்ஜி: மூன்று. இரவு மூன்று தோசை, சட்னி: எட்டு. எல்லாம் சேர்த்தால் நாற்பத்தைந்து கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. அவனுக்கு வேண்டியது 1.6 பெருக்கல் 60, அதாவது 96. பாதிக்கும் கீழே நிற்கிறான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. நம் சாப்பாட்டில் சாதம்தான் தட்டு, மற்றதெல்லாம் ஓரம்.

இந்தப் பள்ளத்தை எப்படி நிரப்புவது? மூன்று முட்டை: பதினெட்டு கிராம். கொண்டைக்கடலை ஐம்பது கிராம் ஊறவைத்துச் சுண்டல்: பத்து. முன்னூறு மில்லி பால்: ஒன்பது பத்து. ஒரு கைப்பிடி வேர்க்கடலை: ஏழு. ஏறக்குறைய தொண்ணூறு வந்துவிட்டது. கோழிக்கறி எடுக்கும் நாளில் எலும்பில்லாத கறி நூற்றைம்பது கிராம் போட்டாலே முப்பது கிராமுக்கு மேல். கறி சாப்பிடாதவர்களுக்கு மீல் மேக்கர் இருக்கிறது. உலர்ந்த நிலையில் நூறு கிராமில் ஐம்பத்திரண்டு கிராம் புரதம். வேறு எந்த மளிகைச் சாமானும் அதன் கிட்டே வராது. விலையும் பார்த்துவிடுங்கள்: கிலோ 200 ரூபாய் என்றே வைத்தாலும் ஒரு கிராம் புரதம் நாற்பது பைசாவுக்குள். முட்டையில் ஒரு ரூபாய் சொச்சம். வே பவுடரில் நாலு ரூபாய் கிட்ட.

அப்படியானால் பவுடர் வேண்டவே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். முட்டைகூடத் தொடாத சுத்த சைவர்கள், விடுதிச் சாப்பாட்டில் இருப்பவர்கள், காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள், சமைக்க நேரமும் ஆளும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ஸ்கூப் வே, 24 கிராம் புரதம், ஒரு நிமிட வேலை. அது சீக்கிரம் செரிக்கும். லூசின் என்ற அமினோ அமிலம் அதில் நிறைய இருக்கிறது. லூசின்தான் கட்டட வேலையை ஆரம்பிக்கச் சொல்லும் மேஸ்திரி. நல்ல சாப்பாடுதான் வே, சந்தேகமில்லை. ஆனால் சாப்பாட்டில் 96 கிராம் ஏற்கெனவே வந்துவிட்டவர் அதைக் குடித்தால், முன்பு சொன்ன செங்கல் லோடு கதைதான்.

கான்சென்ட்ரேட், ஐசோலேட் என்று இரண்டு வகை சொல்வார்கள். முன்னதில் நூற்றுக்கு எண்பது வரை புரதம், பின்னதில் தொண்ணூறு. தசைக்கு இரண்டும் ஒன்றே. பால் குடித்தால் வயிறு உப்பி, கடமுட என்று ஓடுகிறவர்களுக்கு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைவான ஐசோலேட் ஒத்துக்கொள்ளும். மற்றவர்கள் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் வீண் என்று சொல்லிப் படிக்கட்டிலேயே ஷேக்கரைக் குலுக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். 2013-ல் இதைத் தனியாக அலசிப் பார்த்தார்கள். நாள் முழுக்கச் சாப்பிட்ட மொத்தப் புரதத்தைக் கணக்கில் எடுத்ததும், நேரத்தால் வந்ததாகத் தெரிந்த லாபம் காணாமல் போய்விட்டது. நிதானமாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

மாஸ் கெய்னர் என்ற மாவு

இது என் சொந்த அனுபவம். இருபத்திரண்டு வயதில் நானும் ஒல்லி. கடைக்காரர் ஒருவர் மூன்று கிலோ டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்து, “தம்பி, மூணே மாசம், ஆளே மாறிடுவீங்க” என்றார். மாறித்தான் போனேன். ஐந்து கிலோ ஏறியது. பேண்ட் பட்டன் போட முடியவில்லை. கையின் சுற்றளவு மட்டும் டேப்பில் அரை அங்குலம் கூட ஏறவில்லை.

டப்பாவின் பின்பக்கத்தை அப்போதுதான் முதல்தடவை படித்தேன். ஒரு வேளைக்கு நூறு கிராம் மாவு. அதில் புரதம் பதினைந்து. மாவுச்சத்து எழுபத்தைந்துக்கும் மேல். சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். பட்டியலில் எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது சட்டம். ஆக, நான் வாங்கியது மூன்று கிலோ ஸ்டார்ச். சோளத்திலிருந்து எடுக்கும் அந்த மாவு சர்க்கரை வேகத்தில் ரத்தத்தில் கலக்கும். அந்தக் காசுக்கு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் பாலும் வாங்கியிருந்தால் எடையும் ஏறியிருக்கும், வாய்க்கும் ருசியாக இருந்திருக்கும். டப்பா மட்டும் உபயோகமானது. இன்றும் எங்கள் வீட்டில் இட்லி அரிசி அதில்தான் இருக்கிறது.

உண்மையில் வேலை செய்யும் ஒன்று

அலமாரியில் எனக்கு மரியாதை உள்ள டப்பா கிரியேட்டின். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் 1832-லேயே இதை இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தார். நம் உடம்பே நாளுக்கு ஒரு கிராம் அளவில் தயாரித்துக்கொள்கிறது. கறியிலும் மீனிலும் இருக்கிறது. இதில் 95 சதவீதம் தசையில்தான் தங்கும்.

இது என்ன செய்கிறது? தசை சுருங்க ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். அதற்கப்புறம் சாப்பாட்டை எரித்து ஏடிபி தயாராகி வருவதற்குள் அவசரத்துக்கு உதவுவது தசையில் இருக்கும் பாஸ்போகிரியேட்டின். வங்கியில் பணம் இருக்கிறது, ஆனால் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கச் சட்டைப் பையில் சில்லறை வேண்டும் அல்லவா, அந்தச் சில்லறைதான் இது. கிரியேட்டின் சாப்பிட்டால் பையில் சில்லறை கொஞ்சம் கூடுகிறது. எட்டாவது ரெப்ஸில் கை நடுங்கி நின்றவர் ஒன்பதாவதைத் தூக்கிவிடுவார். அந்த ஒன்று, வாரம் முழுக்க, செட் செட்டாக, மாதக்கணக்கில் சேர்ந்தால் தசைக்குக் கிடைக்கும் வேலை கூடுகிறது. அதாவது கிரியேட்டின் நேரடியாகத் தசையைக் கட்டுவதைவிட, உங்களை அதிகமாக வேலை வாங்குகிறது. தூக்காமல் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் சில்லறை பையிலேயே கிடக்கும்.

1992-ல் இதைச் சாப்பிட்டால் தசையில் கிரியேட்டின் அளவு ஏறுகிறது என்று ஹாரிஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். அதே ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தங்கம் வென்ற லின்ஃபோர்ட் கிறிஸ்டி இதைப் பயன்படுத்தினார் என்ற செய்தி வந்ததும் உலகம் முழுக்கக் கடைக்கு வந்துவிட்டது. அதன்பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. வயதானவர்கள் எடைப் பயிற்சியோடு இதை எடுத்த ஆய்வுகளை 2017-ல் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடச் சுமார் 1.4 கிலோ சதை கூடியிருந்தது. இதில் ஒரு பங்கு தண்ணீர். கிரியேட்டின் தசைக்குள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். முதல் வாரத்திலேயே ஒரு கிலோ ஏறினால் அது தசை என்று போட்டோ எடுக்க வேண்டாம்.

சைவர்களின் உடம்பில் இது இன்னும் நன்றாகப் பிடிக்கும். கறி, மீன் சாப்பிடாததால் அவர்களின் தசையில் கிரியேட்டின் இருப்பு குறைவு. காலி இடம் அதிகம் என்பதால் ஏறுவதும் அதிகம்.

அளவு நாளுக்கு மூன்று முதல் ஐந்து கிராம். எந்த நேரமும் சரி, வெறும் தண்ணீரும் சரி. முதல் வாரம் இருபது கிராம் ‘லோடிங்’ செய்தால் சீக்கிரம் நிரம்பும். செய்யாவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் அதே இடத்துக்கு வந்துவிடும், வயிற்றுப்போக்கும் வராது. சாதாரண மோனோஹைட்ரேட் போதும். ஹெச்சிஎல், பஃபர்டு என்று விலை கூடிய வகைகள் இதைவிட மேல் என்று யாரும் நிரூபிக்கவில்லை. 250 கிராம் டப்பா, தினம் மூன்று கிராம் வீதம், 83 நாள் வரும்.

“முடி கொட்டுமாமேண்ணா?” என்று அந்தப் பையன் கேட்டான். எல்லாரும் கேட்கிறார்கள். 2009-ல் தென்னாப்பிரிக்காவில் இருபது ரக்பி வீரர்களை வைத்து மூன்று வாரம் ஓர் ஆய்வு நடந்தது. கிரியேட்டின் எடுத்தவர்களுக்கு டிஹெச்டி என்ற ஹார்மோன் ஏறியது. அந்த ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் சம்பந்தம் உண்டு. இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் பயம் பரவியது. அந்த ஆய்வில் ஒருவர் தலையிலும் யாரும் முடியை எண்ணிப் பார்க்கவில்லை.

மேஸ்திரி மட்டும் வந்தால்

பிசிஏஏ விஷயம் சுருக்கமாக முடிந்துவிடும். நம் உடம்பால் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அதில் லூசின், ஐசோலூசின், வேலின் என்ற மூன்றை மட்டும் கலர் தண்ணீராக விற்கிறார்கள். மேஸ்திரி வந்து “கட்டு கட்டு” என்று கத்தலாம். மீதி ஆறு வகைக் கல் வேண்டுமே? அவற்றை உடம்பு ஏற்கெனவே இருக்கும் தசையைக் கரைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வே குடிப்பவருக்கோ அந்த மூன்றும் வேயிலேயே இருக்கின்றன. எப்படிப் பார்த்தாலும் இந்த டப்பாவுக்கு வேலையில்லை. குளுட்டமின் என்று தனியாக விற்கும் இன்னொரு அமினோ அமிலத்துக்கும், நலமாக இருப்பவரிடம் இதே கதிதான்.

ப்ரீ ஒர்க்அவுட்டில் வேலை செய்யும் சரக்கு பெரும்பாலும் கஃபீன். அது வேலை செய்யும் என்பது உண்மை. களைப்பு தெரியாமல் இரண்டு செட் கூடப் போடலாம். ஒரு ஸ்கூப்பில் 200, 300 மில்லிகிராம் வரை இருக்கும். நலமான பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கே 400 வரைதான் சரி என்கிறது அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ. இரண்டு ஸ்கூப் போட்டுவிட்டு மேலே டிகாஷன் காபியும் குடித்தவர் நெஞ்சு படபடக்கிறது என்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். காதும் முகமும் ஊசி குத்துவதுபோலச் சுர்ரென்று இருந்தால் ‘வேலை செய்யுது’ என்று சந்தோஷப்படுவார்கள். அது டப்பாவில் இருக்கும் பீட்டா அலனின் என்ற இன்னொரு பொருள் நரம்பில் செய்யும் குறும்பு. தசைக்கும் அந்தச் சுர்ருக்கும் சம்பந்தம் கிடையாது. இரவு எட்டு மணிக்கு ஜிம்முக்குப் போகிறவர் இதைக் குடித்தால் தூக்கம் போகும். தூக்கம் போனால் தசைக்கு வரும் நஷ்டம், கஃபீன் கொடுத்த லாபத்தைத் தின்றுவிடும்.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஏற்றும் என்று சொல்லி விற்கும் டெஸ்ட் பூஸ்டர்தான் எனக்கு ரொம்பப் பிடித்த டப்பா. தங்க எழுத்தில் டிரிபுலஸ் டெரெஸ்ட்ரிஸ் என்று போட்டிருக்கும். அது வேறு ஒன்றும் இல்லை, நம் ஊர்த் தரிசில் செருப்பில்லாமல் நடந்தால் காலில் ஏறும் நெருஞ்சி. 2007-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் 22 ரக்பி லீக் வீரர்களில் ஒரு பாதிக்கு ஐந்து வாரம் நெருஞ்சிச் சாறு கொடுத்தார்கள், மறு பாதிக்குச் சரக்கில்லாத வெறும் மாத்திரை. பலத்திலும் சதையிலும் வித்தியாசம் எதுவும் இல்லை. சிறுநீர்க் கடுப்புக்கு நாட்டு வைத்தியத்தில் நெருஞ்சிக்கு இடம் உண்டு, புஜத்துக்கு இல்லை.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, கொஞ்சம் பரவாயில்லை. 2015-ல் 57 ஆண்களை வைத்து எட்டு வாரம் நடந்த ஆய்வில் அதை எடுத்தவர்களுக்குப் பலமும் தசையும் கூடுதலாக ஏறின. சின்ன ஆய்வு, எல்லாரும் பயிற்சிக்குப் புதியவர்கள். அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் பாதித்த செய்திகளும் வந்திருக்கின்றன. அந்தப் பையனுக்கு நான் இதைச் சொல்லவில்லை.

படத்தில் இருப்பவர் என்ன சாப்பிட்டார்

கையில்லாத பனியனுக்கு நாம் சாண்டோ பனியன் என்று பேர் வைத்திருக்கிறோம். சினிமா தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கு முன்னால் வரும் ‘சாண்டோ’வும் அதே பேர்தான். பிரஷ்யாவில் 1867-ல் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பயில்வான் உடம்பைக் காட்டியே உலகம் சுற்றினார். 1904–05-ல் இந்தியாவுக்கும் வந்துபோனார். அவர் விளம்பரம் செய்த பொருள்களில் ஒன்று பிளாஸ்மான், பாலிலிருந்து எடுத்த புரதப் பவுடர். ஆக, பயில்வான் படமும் பால் பவுடரும் ஜோடி சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் சாண்டோவின் உடம்பு அந்த டப்பாவுக்கு முன்பே வந்துவிட்டது.

அடுத்து நடந்தது இன்னும் சுவாரஸ்யம். டெஸ்டோஸ்டிரோன் 1935-ல் பிரித்தெடுக்கப்பட்டது. 1958-ல் டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஜான் ஜிக்லர் என்ற மருத்துவர் அதை பென்சில்வேனியாவின் யார்க் நகரப் பளுதூக்கும் வீரர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் தூக்கும் எடை திடுதிப்பென்று ஏறியது. அந்த கிளப்பின் முதலாளி பாப் ஹாஃப்மன் பத்திரிகையும் நடத்தினார், புரதப் பவுடரும் விற்றார். வாசகர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் புதுவிதப் பயிற்சியும் புரத உணவும். மாத்திரையைப் பற்றிப் பேச்சில்லை. இன்றைக்கு ரீல்ஸில் ஷேக்கரோடு நிற்கும் சிலரைப் பார்க்கும்போது எனக்கு யார்க் நகரம்தான் ஞாபகம் வருகிறது.

வித்தியாசம் எவ்வளவு என்று 1996-ல் ஷலேந்தர் பாசின் என்ற ஆய்வாளரின் குழுவினர் அளந்து காட்டினார்கள். 43 ஆண்கள், பத்து வாரம், ஊசியில் வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் அல்லது வெறும் ஊசி. வெறும் ஊசியோடு ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ சதை ஏறியது. டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொண்டு ஒரு எடையும் தூக்காதவர்களுக்கு மூன்று கிலோவுக்கு மேல். இரண்டும் செய்தவர்களுக்கு ஆறு கிலோ. சோபாவில் உட்கார்ந்தவர் ஜிம்முக்குப் போனவரை ஜெயித்துவிட்டார். இந்த ஆறு கிலோவையும் அந்த 300 கிராமையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டப்பாவில் இருக்கும் படம் பெரும்பாலும் முதல் எண்ணுக்குச் சொந்தம். டப்பாவுக்குள் இருக்கும் மாவு இரண்டாவது எண்ணுக்கு.

அந்த ஆறு கிலோவுக்குக் கட்டணமும் உண்டு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு மார்பு பெண்களுக்குப்போல வளரும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், இதயச் சுவர் தடிக்கும். மாத்திரையாக எடுத்தால் கல்லீரலுக்கும் சேர்த்து. ஜிம்மில் யாராவது “ஒரு சைக்கிள் போடலாம்” என்றால் அவர் பேசுவது இரண்டு சக்கர சைக்கிளைப் பற்றி இல்லை, இந்த ஸ்டீராய்டைப் பற்றி.

மனசு செய்யும் வேலையும் சின்னது கிடையாது. 1972-ல் அமெரிக்காவில் பளு தூக்கும் சில மாணவர்களுக்கு டயனபால் என்று சொல்லி வெறும் மாத்திரை கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வாரங்களைவிட வேகமாக அவர்கள் தூக்கும் எடை ஏறியது. “குடிச்ச அன்னைக்கே தெரிஞ்சுதுண்ணா” என்று யாராவது சொன்னால் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை.

டப்பாவைத் திருப்புங்கள்

2024-ல் ‘கல்லீரல் டாக்டர்’ என்று பேர் பெற்ற கேரளத்தின் சிரியாக் ஏபி பிலிப்ஸ் குழுவினர், இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களை வாங்கிச் சோதித்து ‘மெடிசின்’ இதழில் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 சதவீத டப்பாக்களில் எழுதியிருந்த புரத அளவு சரியில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சு அஃப்ளடாக்சின், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி மிச்சம்.

புரதத்தில் எப்படிக் கள்ளக் கணக்கு எழுதுகிறார்கள்? இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் 1883-ல் ஜோஹன் கெல்டால் கண்டுபிடித்த சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது புரதத்தை நேராக அளப்பதில்லை. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கி, இவ்வளவு புரதம் என்று சொல்கிறது. ஆகவே நைட்ரஜன் உள்ள மலிவான ஏதாவது ஒன்றைக் கலந்தால் காகிதத்தில் புரதம் ஏறிவிடும். 2008-ல் சீனாவில் பாலில் மெலமின் என்ற ரசாயனத்தைக் கலந்தது இதற்காகத்தான். ஆறு குழந்தைகள் இறந்தன, சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. பவுடர்க்காரர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை; கிளைசின், டாரின் போன்ற மலிவு அமினோக்களைக் கலக்கிறார்கள். விஷம் இல்லை, ஆனால் தசைக்கும் பிரயோஜனம் இல்லை. சேர்மானப் பட்டியலில் இந்தப் பெயர்கள் தனியாகத் தெரிந்தால் டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம். ‘ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்’ என்று போட்டு எது எவ்வளவு என்று சொல்லாவிட்டாலும் அப்படித்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண், இறக்குமதியாளர் ஒட்டிய ஸ்டிக்கர், பேட்ச் எண், தேதி இருக்கிறதா பாருங்கள். பெரிய பிராண்டின் பேரில் போலி டப்பாவும் ஊரில் ஏராளம். பாதி விலை என்றால் சந்தேகப்படுங்கள்.

இதே 2024-ல் வந்த ஐசிஎம்ஆர் உணவு வழிகாட்டி, பவுடராக அதிகப் புரதம் எடுப்பதே உசிதமில்லை என்றது. சர்க்கரை, செயற்கை இனிப்பு, வாசனைப் பொருள் எல்லாம் சேர்கின்றன என்பது அதன் கவலையில் ஒன்று. ஊர் முழுக்கச் சொல்லும் அறிவுரையாக அது சரி. கணக்குப் பார்த்து ஒரு ஸ்கூப் எடுக்கும் ஆரோக்கியமான ஆளை அது ரொம்பப் பயமுறுத்துகிறது என்பது என் அபிப்பிராயம்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்த அளவுப் புரதத்தால் அது கெட்டதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால் கதை வேறு. கூடுதல் புரதம் அதைச் சீக்கிரம் தேய்க்கும். நம் ஊரில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்கள் அதிகம். அதனால் பையனை முதலில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். எல்லாம் சரியாக இருந்தது. மூன்று முட்டையும் சுண்டலும் ஆரம்பித்திருக்கிறான். ஒரு கிரியேட்டின் டப்பாவும் வாங்கியிருக்கிறான்.

அவனிடம் கடைசியாகச் சொன்னது இது. கிரியேட்டின் உடைந்து கிரியேட்டினின் ஆகும். சிறுநீரகத்தைச் சோதிக்க லேபில் பார்ப்பதும் அந்தக் கிரியேட்டினினைத்தான். இதைச் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் அந்த எண் கொஞ்சம் ஏறித் தெரியலாம். அடுத்த முறை எந்தக் காரணத்துக்காக ரத்தம் கொடுத்தாலும், “கிரியேட்டின் எடுக்கிறேன் டாக்டர்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்று இன்னொரு சோதனை இருக்கிறது. கிரியேட்டின் சாப்பிடுவதால் அது மாறாது.